படமரத்துக்குள் போன சரித்திரம்

ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சையில் கணக்கில் நான் வாங்கிய மார்க்கை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்வதாக இல்லை. அட்டையைப் பார்த்த கணக்கு டீச்சர் என்னைத் திட்டக்கூட இல்லை என்பதை வைத்து ஊகித்துக்கொள்ளலாம். திட்டினால் திருந்துவாள் என்ற நம்பிக்கையாவது மிச்சம் இருந்தால்தானே திட்டுவார்கள்.

அறுபதுகளின் கடைசி அது. பத்தாம் வகுப்புக்குள் நுழையும்போதே எதைச் சிறப்புப் பாடமாக எடுப்பது என்று முடிவாகிவிடும். எங்கள் பெண்கள் பள்ளியில் மார்க் உள்ளவர்களுக்குக் கணக்கும் விஞ்ஞானமும். இல்லாதவர்களுக்குத் தையல். தையல் எடுத்தவள் அப்புறம் காலேஜில் காலெடுத்து வைப்பது குதிரைக்கொம்பு. அந்த வருஷம்தான் முதன்முதலாக மூன்றாவது வழி ஒன்று திறந்தது. சிறப்புச் சரித்திரம். எல்லோரும் படிக்கிற சரித்திரம் போக இதற்குத் தனிப் புத்தகம், தனி வகுப்பு, இரண்டு மடங்கு பாடம். காலேஜிலும் ஏற்றுக்கொள்வார்கள்.

கடைசி வேலை நாளன்று சரித்திர டீச்சர் இருபது தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். சிம்மவிஷ்ணுவில் ஆரம்பித்து பிரெஞ்சுப் புரட்சியில் முடிந்தது அந்தப் பட்டியல்.

"லீவில் இதையெல்லாம் படிச்சிட்டு வாங்க. ஸ்கூல் திறக்கிற அன்னிக்கு டெஸ்ட் வைப்பேன். தேறினவங்களுக்குத்தான் இந்த வகுப்பு. சும்மா கதை கேட்கிற வகுப்புன்னு நினைச்சிக்கிட்டு யாரும் வந்துடாதீங்க" என்றார்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழித்தறி வீடு. அப்பா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார். அம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடாவை, அதாவது இழையைக் குறுக்கே கொண்டுபோகிற கட்டையை, தள்ளுவாள். நான் ராட்டையில் தார் சுற்றுவேன், அதாவது நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் பட்டு இழையைச் சுற்றிக் கொடுப்பேன். அந்த வேலை எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்வது. பக்கத்து வீட்டு ராட்டையின் சத்தம் காதில் விழுந்தால்கூடச் சன்னலைச் சாத்துவேன்.

விஷயத்தைச் சொன்னதும் அப்பா நாடாவை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"கெடச்சா படி. நான் குறுக்க நிக்க மாட்டேன். கெடைக்கலன்னா தையலுக்கு எதுக்குமா ஸ்கூலு? ஊசியில நூலு கோக்குறதுக்கு ரெண்டு வருஷம் படிக்கணுமா? உங்கம்மாவுக்குத் தோள்பட்ட விட்டுப் போச்சி. அவ எடத்துல வந்து குந்திக்கோ."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நியாயமாகத்தான் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது. கோபமாகச் சொன்னதை மறுநாள் மாற்றிக்கொள்வார். நியாயமாகச் சொன்னதை மாற்றி நான் பார்த்ததில்லை. அம்மாவின் இடம் என்பது அப்பாவின் இடக்கைப் பக்கம் ஒரு பலகை. அதில் நான் உட்கார்ந்தால் கல்யாணம் ஆகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான பிறகு வேறொரு வீட்டில் அதே மாதிரி இன்னொரு பலகை.

சிறப்புச் சரித்திரப் புத்தகம் கடையில் கிடைக்கவில்லை. நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருந்தது, வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். சித்திரை வெயிலில் தினமும் மத்தியானம் நடந்து போனேன். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டு வரும். நூலகர் என்னை முதல் நாள் ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்க் பாட்டில் கொண்டாந்தா உள்ள விட மாட்டேன்மா. பென்சில்ல எழுது" என்றார்.

வீட்டிலும் அதே சட்டம்தான். பட்டு இருக்கிற வீட்டில் மையை யாரும் திறப்பதில்லை. ஆக நான் எழுதியதெல்லாம் பென்சிலில். பென்சிலும் சீக்கிரம் தேயக்கூடாதே என்று அழுத்தாமல், கொசு கால் மாதிரி மெலிசாக எழுதினேன்.

எழுதுவதற்குத் தாள் எங்கே கிடைத்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். திருடினேன். நெய்த புடவை நெசவாளி மடியை ஒட்டியிருக்கிற படமரம் என்ற உருளையில் சுற்றிக்கொண்டே போகும். சுற்றுக்குச் சுற்று நடுவே வெள்ளைத் தாள் வைப்பார்கள், ஜரிகையோடு ஜரிகை உரசாமல் இருக்க. பழைய பேப்பர் உதவாது, அச்சு மை பட்டில் ஏறிவிடும். அதற்காகவே முதலாளி வீட்டிலிருந்து பட்டோடு சேர்த்து நல்ல வெள்ளைத் தாள் கட்டுக்கட்டாக வரும். அது தறிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். எலி வராது, எண்ணெய் படாது. அதிலிருந்துதான் தினம் நாலைந்து தாளை உருவி நூலகத்துக்கு எடுத்துப் போனேன். ஒரு பக்கம் மட்டும் எழுதினேன், பின்பக்கம் எழுதினால் முன்பக்கம் கலைந்துவிடுமே என்று. சாயங்காலம் திரும்பி வந்ததும் எழுதின பக்கம் கீழே இருக்கும்படி அதே பெட்டியில், அதே கட்டுக்கு அடியில் செருகிவிடுவேன். அந்த வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் வேறு கிடையாது. என் புத்திசாலித்தனத்தை நினைத்து அன்றைக்கு எனக்கே பெருமையாக இருந்தது.

பட்டியலில் கூரம் செப்பேடு என்று ஒரு தலைப்பு. புத்தகத்தில் அதைப் பற்றி ஆறே வரிதான். கூரம் பக்கத்தில்தானே இருக்கிறது, நேரிலேயே பார்த்து எழுதினால் டீச்சர் அசந்துபோவார் என்று ஒரு நாள் பஸ் ஏறிப் போனேன். கோயிலில் பூப்பறித்துக்கொண்டிருந்தவரிடம் செப்பேட்டைக் காட்டச் சொன்னேன். அவர் பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அத்தப் பாக்கவா இந்த வெயில்ல வந்த? அது இந்த ஊர வுட்டுப் போயி எந்தக் காலம் ஆச்சி. எங்க கீதுன்னு எனக்கே தெரியாதுமா." திரும்பி வர பஸ் இல்லை. பாதி தூரம் நடந்து, மீதி ஒரு கட்டை வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தேன். ஒரு நாள் வீண். இப்படித்தான் படித்தேன், ஆத்திரமும் அவசரமுமாக.

வைகாசி பிறந்து பாதிக்குமேல் போனபோது நாற்பத்தேழு தாள் சேர்ந்துவிட்டது. இருபது தலைப்பும் முடிந்தது. இனி உட்கார்ந்து உருப்போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பெருமாள் கோயில் கருட சேவை வந்துவிட்டது. ஊரே விழாக்கோலத்தில் இருக்கும்போது எங்கள் வீட்டில் மட்டும் எங்கே படிப்பது? ஆரணியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். படுக்க இடமில்லை, உட்கார்ந்து படிக்க எங்கே இடம்? போதாததற்கு அவசரப் புடவை வேறு. ஆனி மாதக் கல்யாணம் ஒன்றுக்கு ஒன்பது கஜம், மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. அப்பாவும் அம்மாவும் விருந்தாளிகளுக்கு நடுவிலும் நெய்தார்கள். நான் தார் சுற்றினேன், சாதம் வடித்தேன், பாத்திரம் கழுவினேன். ஒன்பது பத்து நாள் பெட்டிப் பக்கமே போகவில்லை. எல்லோரும் கிளம்பட்டும், பள்ளி திறக்க எட்டு நாள் இருக்குமே, அது போதும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்படிப்பட்டவள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

விருந்தாளிகள் போன மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மூன்று தாள் இருந்தது.

மூன்றையும் திருப்பிப் பார்த்தேன். என் எழுத்துதான். சிம்மவிஷ்ணுவைப் பற்றி முதல் நாள் எழுதியது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். வேப்பிலைச் சருகு கொட்டியது.

"இதுல இருந்த தாளெல்லாம் எங்கமா?"

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "எங்க போவும், வெச்சி சுத்திட்டேன். அவ்ளோதான் கீது. முதலாளி வூட்ல வேற கேட்டுக்கினு வரணும்."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கிட்டப் பார்வையும் மங்கிப்போயிருந்தது, கண்ணாடி போட ஒப்பமாட்டாள். மேலே இருந்த வெறும் தாளெல்லாம் தீர்ந்த பிறகு அடியில் இருந்ததையும் எடுத்து, வெள்ளைப் பக்கம் புடவையின் முகத்துக்கு வருகிற மாதிரி ஒழுங்காக வைத்திருக்கிறாள். மறுபக்கத்தில் கொசு கால் எழுத்து இருந்தது அவள் கண்ணில் படவே இல்லை. நான் தறிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். படமரத்தில் சுற்றிய புடவையின் ஓரத்தில், ஒரு சுற்றில், என் தாளின் விளிம்பு ஒரு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் 'காரணங்கள்' என்ற வார்த்தையில் பாதி தெரிந்தது. எதற்கான காரணங்கள் என்பது உள்ளே போயிருந்தது.

சொல்லியிருக்கலாம். அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் எழுதின தாள் என்று சொன்ன நொடியே அப்பாவுக்குப் பட்டைப் பற்றித்தான் கவலை வரும். பென்சில் கரி மஞ்சள் பட்டில் இறங்கியிருக்குமோ என்று எனக்கே பயமாக இருந்தது. முதலாளி வீட்டுத் தாளைத் திருடினதும் வெளியே வரும். அதனால் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"அப்பா, சுத்தின புடவைய நடுவுல பிரிச்சிப் பாக்க முடியாதா?"

"எதுக்குப் பிரிக்கணும்?"

"சும்மா கேட்டேன்."

"பிரிச்சா இழுவ மாறிடும்மா. மறுபடி கட்டி நெய்யும்போது அந்த எடத்துல குறுக்கால ஒரு கோடு வுழும். அது எத்த செஞ்சாலும் போவாது. அதுவும் கல்யாணப் பொடவய முடிச்சி தறியில இருந்து அறுக்குறதுக்கு முன்ன பிரிக்கவே கூடாது."

"எப்ப அறுப்பீங்க?"

"இன்னும் ஒம்பது முழம் கீது. ஒரு நாளைக்கு ஒரு முழம்னு வெச்சிக்கோ."

ஒன்பது நாள். பள்ளி திறக்க எட்டு நாள். ஒரே ஒரு நாள் இடிக்கிறது.

நூலகத்துக்கு ஓடினேன். கதவில் பூட்டுத் தொங்கியது. புத்தகக் கணக்கெடுப்பு, பத்து நாள் விடுமுறை என்று ஒரு அட்டை. அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பக்கத்து சைக்கிள் கடைக்காரர் வந்து, "யாரப் பாக்கணும்மா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன். வீட்டுக்கு வந்து, எழுதினதையெல்லாம் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதப் பார்த்தேன். பார்த்து எழுதுவது வேறு, படிப்பது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நாற்பத்தேழு தாள் எழுதிய கைக்கு எல்லாம் தெரியும். தலைக்கு ஒன்றும் தெரியவில்லை. புலிகேசி வந்தான் என்று தெரிகிறது, எப்போது வந்தான், எதற்கு வந்தான், யாரிடம் தோற்றான் என்று எல்லாம் குழம்பிக் கூழாகிவிட்டது.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. ஒரு நாள்தானே இடிக்கிறது. அவர்களை வேகமாக நெய்ய வைத்தால் என்ன? வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக நான் ஆசையாகத் தார் சுற்றியது அந்த மூன்று நாள்தான். அவர்கள் கேட்பதற்கு முன்னால் கூடையில் தார் நிறைந்திருக்கும். அம்மாவை அடுப்படிப் பக்கம் விடவில்லை. சமையல், தண்ணீர், துணி எல்லாம் நானே. தறியை விட்டு யாராவது எழுந்தால் என் முகம் சுண்டிப்போகும். அப்பா வெற்றிலை போடப் போனால்கூட, "இங்கயே கொண்டாரேன், குந்துங்க" என்பேன்.

"இன்னாமா, இம்மாம் சுறுசுறுப்பு? டெஸ்ட்டுக்குப் படிக்கலயா?" என்று அப்பா கேட்டார்.

"படிச்சிட்டேன்" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த தாரைச் சுற்றினேன்.

வெயில் என் பக்கம் இல்லை. கத்திரி முடிந்த பிறகும் காய்ந்த காய்ச்சலில் பட்டு இழை மொடமொடவென்று ஆகி, தொட்டால் அறுந்தது. அப்பா தறிக் குழியில் தண்ணீர் தெளித்தார், சன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார். அப்படியும் மத்தியானம் நெய்ய முடியவில்லை. நாலு நாளில் மூன்று முழம்தான் ஆனது. ஆறு முழம் பாக்கி, நாலு நாள் பாக்கி. அதைவிடக் கொடுமை, அவர்கள் நெய்ய நெய்யப் புடவை படமரத்தில் ஏறிக்கொண்டே போனது. 'காரணங்கள்' இப்போது கண்ணுக்கே தெரியவில்லை. அம்மா வாங்கி வந்த புதுத் தாள் அதற்கு மேல் நாலு சுற்று ஏறிவிட்டது. அவர்களை முடுக்கி முடுக்கி என் சரித்திரத்தை நானே புதைத்துக்கொண்டிருந்தேன். படுத்தால் அந்தப் பலகைதான் கண்ணுக்குள் வந்தது. அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து எழுந்திருக்கிற விதமும்.

ஐந்தாம் நாள் காலையில் அப்பாவும் அம்மாவும் செவிலிமேட்டில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பினார்கள். சாயங்காலம் வருவோம் என்றார்கள். வாசல் கதவைச் சாத்தினேன். நாலு சுற்றுப் பிரித்தால் என் தாள்கள் வர ஆரம்பிக்கும், அவற்றை மட்டும் உருவிவிட்டு, புதுத் தாளை வைத்துத் திரும்பச் சுற்றிவிடலாம், கோடு விழுந்தாலும் வெயிலின் மேல் பழியைப் போடலாம். இதெல்லாம் நான் நினைத்தது.

படமரம் சுழலாமல் இருக்க அதில் ஒரு கட்டையைச் செருகியிருப்பார்கள். மறுகோடியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற இழைகள், கயிற்றால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அப்பா முதலில் கயிற்றைத் தளர்த்துவார், பிறகுதான் கட்டையில் கை வைப்பார். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அவசரத்தில் நான் கட்டையை முதலில் பிடுங்கினேன். படமரம் என் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு சுழன்றது. புடவை தொய்ந்து சரிந்தது, இழையை நெருக்கி அடிக்கிற அச்சுச் சட்டம் ஒரு பக்கமாக விழுந்தது. பாவில் இடது பக்கம் இழைகள் கொத்தாக அறுந்தன. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. காய்ந்த சருகை மிதித்தது போல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இவ்வளவு ஆன பிறகு தாளாவது கிடைக்கட்டும் என்று வெறி வந்துவிட்டது. புடவையை மடியில் அள்ளிப் போட்டுப் பிரித்துக்கொண்டே போனேன். என்னுடைய தாள் வந்தது. ஒன்று, இரண்டு, ஒன்பது தாள் வரை எடுத்தேன். பிறகு புடவையின் முதுகுப் பக்கத்தைப் பார்த்தேன். மாம்பழ மஞ்சளில் என் எழுத்து இறங்கியிருந்தது. வரிவரியாக, இடவலம் மாறி, சாம்பல் நிறத்தில். அந்த இறுக்கத்தில் பென்சில் அப்படியே பதிந்துவிட்டிருந்தது. விரலால் தேய்த்தேன். எழுத்து போய்க் கறை ஆனது. அதற்குப் பிறகு நான் எதையும் தொடவில்லை. அவர்கள் வருகிற வரையில் குழியோரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஓடிப்போகலாமா என்றுகூட நினைத்தேன். எங்கே ஓடுவது என்று தெரியாததால்தான் ஓடவில்லை.

அம்மா முதலில் பார்த்தாள். என் தலைமயிரைப் பிடித்து முதுகில் நாலு வைத்தாள். பிறகு அவளே உட்கார்ந்து அழுதாள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் குழியில் இறங்கினார். அறுந்த இழைகளைக் கையால் தடவிப் பார்த்தார். புடவையைத் திருப்பிப் பார்த்தார். என் மடியிலிருந்த தாளில் ஒன்றை வாங்கிப் பார்த்தார். அவர் நாலாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நீ எழுதினதா?"

"ஆமாம்பா."

"டெஸ்ட்டுக்கா?"

தலையை ஆட்டினேன்.

"எத்தினி தாள் உள்ள கீது?"

"இன்னும் முப்பத்தஞ்சு."

அவர் கயிற்றைத் தளர்த்தினார். முறையாக, நிதானமாக, புடவை முழுவதையும் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு தாளாக எடுத்து, தட்டி, பக்கத்தில் அடுக்கினார். அம்மா, "இன்னா பண்றீங்க, பொடவ பாழாவுது" என்று கத்தினாள். கறை ஏறின புடவையை இனி சுற்றி வைத்து என்ன லாபம் என்று அவருக்குத் தெரியும். கடைசித் தாளையும் எடுத்து அடுக்கி முடித்துவிட்டு அத்தனையையும் என் கையில் கொடுத்தார்.

"பொடவ போனது போச்சி. இத்தையும் வீணாக்கிடாத. போய் படி" என்றார்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மாலையே அவர் முதலாளி வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் முதலாளியே வந்தார். புடவையைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டுக்கு வேறு தறியில் ஏற்பாடு செய்துகொள்வதாகச் சொன்னார். இருபது வருஷமாக இந்த வீட்டுப் புடவையைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கியதாகவும் சொன்னார். அப்புறம் மூன்று நாள் அப்பாவும் அம்மாவும் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்தார்கள். நான் பின்கட்டில் உட்கார்ந்து படித்தேன். படித்தேன் என்றால், தின்றேன். வருஷம், போர், காரணம், விளைவு, ஒன்று விடாமல் மனப்பாடம் செய்தேன். அம்மா என்னோடு பேசவில்லை, தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். தேறாமல் வந்தால் இந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது என்று ஒவ்வொரு வாய்க்கும் நினைத்துக்கொண்டேன்.

பள்ளி திறந்தது. சரித்திர டீச்சர் சொன்ன அறைக்கு ஓடினேன். அங்கே நான்கு பேர் இருந்தோம், என்னையும் சேர்த்து. டீச்சர் வந்து எங்களை எண்ணினார். வெளியே போய் வராந்தாவில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார்.

"நாலே பேர்தானா? சரி, பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"டெஸ்ட் டீச்சர்" என்றேன்.

"நாலு பேருக்கு என்னம்மா டெஸ்ட்? நாற்பது பேர் வந்து நின்னா வடிகட்டணும்னு நினைச்சேன். இப்ப இருக்கிறதே போதாது. உங்க நாலு பேரையும் கெஞ்சிக் கூப்பிட்டு உட்கார வைக்கணும் போல இருக்கு."

மற்ற மூவரும் சிரித்தார்கள். ஒருத்தி எதுவுமே படிக்கவில்லை என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள், அவள்தான் அதிகமாகச் சிரித்தாள்.

"வைங்க டீச்சர்" என்றேன். "நான் படிச்சிட்டு வந்திருக்கேன். எனக்கு மட்டுமாவது வைங்க. ஒரு கேள்வியாவது கேளுங்க."

"பரீட்சை வேணும்னு அழுகிற பொண்ணை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் என் பெயரை ரிஜிஸ்தரில் எழுதினார். நான் அழுதுகொண்டிருந்தது அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. இடம் கிடைத்துவிட்டது. ஒரு கையெழுத்து, அரை நிமிஷம்.

பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. சர்வதீர்த்தக் குளத்துக் கரையில் போய் உட்கார்ந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன். டெஸ்ட்டே வைக்கவில்லை, அந்தத் தாளே தேவைப்படவில்லை, புடவையைப் பிரிக்காமலே இருந்திருந்தாலும் இடம் கிடைத்திருக்கும். இப்படித்தான் சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அப்பா தறியில் இல்லை. தெருமுனைக்கே வந்து நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இன்னாமா ஆச்சி?" என்றார்.

"எடம் கெடச்சிடிச்சிப்பா."

அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு சொல்ல வேண்டிய வாக்கியம் வாயில் இருந்தது, வெளியே வரவில்லை.

"கேள்வி எல்லாம் அந்தத் தாள்ல இருந்துதான் வந்துச்சா?"

"எல்லாம் அதுல இருந்துதான்பா" என்றேன்.

அவர் என்னை முந்திக்கொண்டு வீட்டுக்குள் போய், "நான் சொல்லல, எல்லாம் அதுல இருந்துதான் வந்துச்சாம்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா நாலு நாளுக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். கை கால் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள்.

"இன்னா இன்னா கேட்டாங்க, சொல்லு" என்று அப்பா தறிக்குழியின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். அம்மாவும் பலகையில் வந்து உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். முதல் கேள்வி சிம்மவிஷ்ணு என்றேன். அதற்கு நான் எழுதிய பதிலைச் சொன்னேன். இரண்டாவது புலிகேசி. மூன்றாவது கூரம் செப்பேடு. நடக்காத பரீட்சையை, கேள்வியும் நானே பதிலும் நானே, ஒரு வரி பிசகாமல் ஒப்பித்தேன். தடுமாறினால் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்து நிறுத்தாமல் ஒப்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களில் ஐந்தாவதுக்கு வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"போதும்மா. நல்லா எழுதிக்கீற" என்றார்.